ஒன்பதாவது சோதனை

ஹியூபேட்டின் மேசை லாச்சிக்குள் கிடந்தவற்றில் பார்க்க அழகில்லாத சாமான் அந்த டெஸ்ட் கசெட்தான். மற்றக் கேம் கசெட்டுகளில் காரும் டைனோசரும் பளபளக்கும். இதில் சாம்பல் நிற ஓடும், அதன் மேல் ஒட்டிய வெள்ளைக் கடதாசியில் ஏழு இலக்க எண் ஒன்றும் மட்டுமே. கையில் பிடித்து விளையாடும் கேம் மெஷின்களைத் திருத்துகிறவர்களுக்கென்றே செய்த சாமான் அது. கடையில் கேட்டால் கிடைக்காது. துபாயில் ஒரு சேர்விஸ் சென்டரில் பதினோரு வருஷம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தபோது, சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து அதைக் கொண்டு வந்தார் ஹியூபேட். கொண்டு வந்தாரா, வேறு சொல் ஏதாவது சொல்ல வேண்டுமா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விஷயம். கொட்டாஞ்சேனைக் கோவிலில் அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று என்று மனைவி பேர்ணடெற்றிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

கசெட்டை மெஷினில் செருகி சுவிட்சைப் போட்டால் ஒன்பது சோதனைகள் வரிசையாக வரும். திரை முதலில் சிவப்பாகும், பிறகு பச்சை, பிறகு நீலம். ஒவ்வொரு பொத்தானாக அமர்த்தச் சொல்லும். நினைவகம் சரியா, பற்றரி சரியா என்று தானே பார்த்துத் தானே தீர்ப்பும் சொல்லிவிடும். கடைசியில் வருவது ஒன்பதாவது, சத்தத்துக்கான சோதனை. மெல்லிய, உயர்ந்த, ஏற்ற இறக்கமில்லாத ஒரு 'ஙீ'. கேட்கிறதா என்று திரையில் ஒரு கேள்வி. கேட்டால் வலப்பக்கப் பொத்தான், கேட்காவிட்டால் இடப்பக்கப் பொத்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் கசெட் மனிதனை நம்பியிருந்தது.

ஒன்பதும் முடிந்தால் ஹியூபேட் மெஷினின் பின்பக்கத் திருகாணியின் மேல் ஒரு சிறு வெள்ளைக் கடதாசி சீல் ஒட்டி, திகதி போட்டு, பக்கத்தில் 'எச்' என்று கையெழுத்து வைப்பார். சீல் இருந்தால் ஆறு மாதத்துக்கு அவர் பொறுப்பு. ஒன்பதாவது சோதனையையும் சீலையும் அவர் வேறு ஒருவர் கையிலும் விட்டதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் ஏழு கடைகள். படியேறியதும் முதலாவது லுத்பியாவின் ஃபோன் கடை, அடுத்தது பாலகணேஷின் லப்டொப் கடை, மூன்றாவது ஹியூபேட்டினுடையது. பிள்ளைகள் ஃபோனும் கையுமாக இருக்கிறார்கள் என்று அலுத்துப்போன பெற்றோர்கள், இப்போது ஜப்பானிலிருந்து வரும் பழைய கேம் மெஷின்களை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆகவே அவருக்கு வேலை குறையவில்லை. குறையாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அவருக்குத்தான் தெரியாமலிருந்தது.

அந்தக் காரணத்தின் பெயர் சுதர்சினி. தெமட்டகொடை ரயில் யாட்டுக்குப் பின்னால் தாய் அன்னபாக்கியத்தோடு குடியிருந்த இருபத்தெட்டு வயதுப் பெண். ஆறு வருஷமாக ஹியூபேட்டிடம் வேலை. மயிரளவு வயரையும் ஈயம் வைத்து ஒட்டுகிற கை. பேச்சு மட்டும் பஞ்சம். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை வந்து பஸ் மாறி ஹியூபேட் வந்து சேரப் பத்து மணியாகிவிடும் என்பதால், கடைப் பூட்டின் சாவி, அந்தத் திறப்பு, அவளிடம்தான் இருந்தது. ஒன்பது மணிக்கே வந்து கூட்டித் துடைத்து, ஜன்னலோரத்தில், ஹியூபேட்டின் இடப்பக்கத்தில் உள்ள மேசையில் உட்கார்ந்துவிடுவாள்.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, விற்க வைத்திருந்த மெஷின் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹியூபேட்டின் கண் சீலில் நின்றது. அவருடைய 'எச்'சில் நடுக்கோடு நேராக ஓடும். இதில் அது கொஞ்சம் சரிந்திருந்தது. சீலை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். அடியில் ஆணித் தலையில் புதுக் கீறல். இறாக்கைத் தட்டுகளில் இருந்த பதினொரு மெஷின்களையும் இறக்கிப் பார்த்தார். ஐந்து மெஷின்களில் சரிந்த 'எச்'. அவர் பூட்டி சீல் வைத்த மெஷின்களை யாரோ திறந்து, திரும்பப் பூட்டி, அவருடைய கையெழுத்தையும் போட்டிருந்தார்கள்.

அந்த மாடியில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள். நல்ல சாமானைக் கழற்றி விற்றுவிட்டுக் கழிவைப் போட்டு மூடுவது. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு மெஷினையாவது திறந்து என்ன குறைகிறது என்று பார்த்துவிட்டு அல்லவா மனிதன் வாயைத் திறக்க வேண்டும்? ஹியூபேட்டுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஐந்தையும் அவள் முன்னால் வரிசையாக வைத்து, இது யாருடைய கை என்று கேட்டார். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். சுதர்சினி மெஷின்களைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். உதடுகள் அசைந்தன. மன்னிப்புக் கேட்டு முணுமுணுக்கிறாள் என்று நினைத்தார் அவர்.

"கள்ளி," என்றார் ஹியூபேட். "திறப்பை வச்சிட்டுப் போ."

அவள் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு கடைக்குள் நடந்த அநியாயமாக முடிந்திருக்கும். அவர் விடவில்லை. ஐந்து மெஷின்களையும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு லுத்பியாவின் கடைக்குப் போனார், பாலகணேஷின் கடைக்குப் போனார், மற்ற நாலு கடைகளுக்கும் போனார். சீலைக் காட்டினார், சரிந்த கையெழுத்தைக் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மாடி முழுக்க விஷயம் பரவிவிட்டது. இரண்டு கிழமைக்குப் பிறகு சுதர்சினி லுத்பியாவிடம் வேலை கேட்டு வந்தபோது, லுத்பியா அவளைப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். ஹியூபேட் அதைத் தன் கடை வாசலில் நின்று பார்த்தார். நல்லதாய்ப் போயிற்று என்று அவருக்கு மனதுக்குள் ஒரு திருப்தி. இதையும் சொல்லாமல் விடக் கூடாது.

மார்ச் மாதத்தில் மெஷின்கள் திரும்பி வரத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் ஒரே முறைப்பாடு, சத்தம் இல்லை. ஹியூபேட் டெஸ்ட் கசெட்டைப் போடுவார், ஒன்பதாவது சோதனை வரும், 'ஙீ' என்று கேட்கும், வலப்பக்கப் பொத்தானை அமர்த்துவார். மெஷின் பாஸ். பிள்ளை கீழே போட்டிருப்பான், ஹெட்ஃபோன் ஓட்டைக்குள் குப்பை போயிருக்கும் என்று ஏதாவது சொல்லி, ஊதித் துடைத்துக் கொடுத்தனுப்புவார். கசெட் பாஸ் பண்ணிய மெஷினைத் திறந்து பார்ப்பது அவருக்கு மானக்கேடு. வீட்டிலும் எரிச்சல்தான். பேர்ணடெற் ஒன்றை மூன்று தடவை சொல்கிறாள், பிறகு காது டொக்டரிடம் போங்கள் என்கிறாள். அவள் வாய்க்குள்ளே கதைத்தால் யாருக்குத்தான் விளங்கும் என்று அவர் திருப்பிக் கேட்பார்.

மேயில் ஒரு செவ்வாய்க்கிழமை லக்ஷ்மிப்பிரியா வந்தாள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ரீச்சர். மகளின் மெஷினோடு அவள் வருவது இது மூன்றாவது தடவை. சண்டைக்கு வந்தவள் போலவும் இல்லை, அலுத்துப்போனவளாகத்தான் இருந்தாள்.

ஹியூபேட் அவள் கண் முன்னாலேயே கசெட்டைப் போட்டார். எட்டுச் சோதனைகளும் ஓடி முடிந்தன. ஒன்பதாவது வந்தது. கேட்கிறதல்லவா என்று பெருமையோடு அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். காலி வீதி பஸ் சத்தம் என்று சொல்லிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். ஃபேனையும் நிறுத்தினார். மெஷினைத் தன் வலது காதோடு வைத்துப் பார்த்தார். தெளிவாகக் கேட்டது, முப்பது வருஷமாகக் கேட்கிற அதே சத்தம். இந்தா வருகிறதே என்று அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கி ஒரு காதில் வைத்துக் கேட்டாள். மற்றக் காதிலும் வைத்துக் கேட்டாள். பிறகு அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"ஒண்டும் வரேல்ல அங்கிள்," என்று சொல்லிவிட்டு, சுவிட்சை நிறுத்தி மெஷினை மேசையில் வைத்தாள்.

திரை இருண்டது. சத்தம் நிற்கவில்லை.

ஹியூபேட் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை வரச் சொல்லி அவளை அனுப்பினார். எப்படிச் சொன்னார், அவள் என்ன பதில் சொன்னாள் என்பதெல்லாம் பிறகு அவருக்கு ஞாபகம் வரவில்லை. மெஷினின் பற்றரியைக் கழற்றினார். 'ஙீ'. கசெட்டை இழுத்தெடுத்து லாச்சிக்குள் வைத்து மூடினார். 'ஙீ'. நடையின் கோடியில் இருந்த கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு காதுகளையும் விரலால் அடைத்தார். இன்னும் நன்றாகக் கேட்டது. அது எந்த மெஷினிலிருந்தும் வரவில்லை. நாளுக்கு இருபது தடவை, முப்பது வருஷம் கேட்ட சத்தம் கசெட்டை விட்டுக் கிளம்பி அவருடைய மண்டைக்குள் குடியேறியிருந்தது. மெஷினைப் போட்டதும் 'டிங்' என்று ஒரு மணி கேட்கும். அதைத் தான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். அந்த வருஷமும் இல்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை.

கடைக்குத் திரும்பி லக்ஷ்மிப்பிரியாவின் மெஷினைத் திறந்தார். ஸ்பீக்கருக்குப் போகிற மெல்லிய வயர் மூடிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் நசுங்கி அறுந்திருந்தது. மூடியைப் பொருத்தும்போது அவர் கட்டைவிரலால் அழுத்துகிற இடம் அது. அவருடைய பலம்தான் வயரை அறுத்திருக்கிறது. பிறகு, சரிந்த 'எச்' இருந்த ஐந்தில், கசெட் பாஸ் பண்ணியதால் புது சீல் ஒட்டி விற்றவை போக மிஞ்சியிருந்த இரண்டை எடுத்தார். ஆணிகளைக் கழற்றித் திறந்தார். இரண்டிலும் புது வயர். நசுங்காத வழியாக வளைத்துக் கொண்டுபோய், நகமளவு டேப் துண்டால் ஒட்டி வைத்த வயர். ஒரு சாமானும் குறையவில்லை. வேலை அவருடையதை விடச் சுத்தமாக இருந்தது.

காலையில் அவர் வருவதற்கு முந்தின அந்த ஒரு மணித்தியாலத்தில், அவர் பாஸ் பண்ணிய மெஷின்களை அவள் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். சத்தமில்லாதவற்றைத் திறந்து திருத்தி, அவர் அறியக் கூடாதென்று அவருடைய கையெழுத்தையும் போட்டு மூடியிருக்கிறாள். வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பத்தெட்டு வயதில் ஹியூபேட் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு பொரளைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து தெமட்டகொடைக்குப் போனார். வீட்டைக் கண்டுபிடிக்க நாலு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவர் அங்கே போனதில்லை. கதவைத் திறந்த அன்னபாக்கியம் கதிரையை இழுத்துப் போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே கட்டிலில் ஒரு சூட்கேஸ் திறந்திருந்தது. சுதர்சினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜோர்தானில் ஒரு கார்மெண்ட் ஃபக்டரி, மூன்று வருஷ ஒப்பந்தம், வெள்ளிக்கிழமை பயணம் என்று தாய்தான் சொன்னாள். இங்கே ஒருவரும் வேலை தரவில்லை என்பதையும் கோபமில்லாத குரலில் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

"எனக்குக் கேக்கிறேல்ல எண்டு உனக்கு எப்ப தெரியும் பிள்ளை?" என்று கேட்டார் ஹியூபேட்.

சுதர்சினி எழுந்து, அவருடைய வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும் அங்கிள்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"முதல்ல சொல்ல மனம் வரேல்ல. பிறகு, திருத்தி வச்சாச் சரிதானே எண்டு இருந்திட்டன்." மடித்த துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "அண்டைக்குச் சொன்னனான். நீங்க கேட்ட உடனயே சொன்னனான். எல்லாத்தையும் சொன்னனான். உங்களுக்குக் கேக்கேல்ல எண்டு முகத்தைப் பார்க்க விளங்கினது. ஆக்கள் நிக்கேக்க உங்களுக்குக் காது கேக்காது எண்டு கத்திச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு."

அன்றைக்குக் கடையில் அசைந்த அந்த உதடுகள் இப்போது ஹியூபேட்டின் கண் முன்னால் வந்து நின்றன. திரும்பி வரச் சொன்னார். கடைத் திறப்பைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார், நீட்டினார். அவள் வாங்கவில்லை. பாஸ்போட் ஏஜென்சிக்காரரிடம், கையெழுத்தும் வைத்தாயிற்று, இனித் திரும்ப ஏலாது என்றாள். ஏலுமாக இருந்திருந்தாலும் வந்திருப்பாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இருக்கவில்லை.

புறப்படும்போது வாசலில் அவள் ஒன்று கேட்டாள். "அம்மா வெள்ளவத்தையில ஒரு வீட்டில சமைக்கிறா. தினம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போக வேணும். கள்ளியிட தாய் எண்டு ஒருத்தன் சொன்னதைக் கேட்டிட்டு ரெண்டு நாள் சாப்பிடேல்ல. நீங்க சொன்ன இடத்தில நீங்களே போய் மாத்திச் சொல்லிப்போடுங்க அங்கிள். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேணாம்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக நெருங்கி வந்து சொன்னாள். "காது எண்டு சொல்ல வேணாம். வேற ஏதாவது காரணம் சொல்லுங்க. கடை இருக்கோணும் தானே."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஹியூபேட் அந்த வேறு காரணத்தைத் தேடினார். தான்தான் திறக்கச் சொன்னதாகச் சொல்லலாம். சொன்னால், பிறகு ஏன் கள்ளி என்றாய் என்று கேட்பார்கள். கையெழுத்து தன்னுடையதே என்று சொல்லலாம். ஆனால் அது தன்னுடையதில்லை என்று ஆறு கடைக்கும் தட்டில் வைத்துக் காட்டியவர் அவர்தான். சீலை ஏன் உடைத்தாள் என்ற கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு பதிலே இல்லை. உண்மையைச் சொன்னால், காது கேட்காதவனிடம் யார் மெஷின் கொடுப்பார்கள்? வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை அவர் ஒரு கடைக்கும் போகவில்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை அவள் போய்விடுவாள், பிறகு யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது என்று கூட ஒரு நேரம் நினைத்தார். நினைத்ததற்காக அவரைத் திட்டலாம், ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து திட்ட வேண்டும். நாலரை மணிக்கு ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது, கீழே அன்னபாக்கியம் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தாள். கட்டடம் வருவதற்கு முன்பே வீதியைக் கடந்து மறுபக்கத்தால் போனாள். அவ்வளவு வாகனத்துக்கு நடுவிலும் கடந்து போனாள்.

வியாழக்கிழமை காலை ஹியூபேட் டெஸ்ட் கசெட்டையும் சத்தம் சரியாக வேலை செய்கிற ஒரு மெஷினையும் எடுத்துக்கொண்டு லுத்பியாவின் கடைக்குப் போனார். பாலகணேஷும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றான். கள்ளி என்று சொன்னது பிழை, அவள் ஒன்றும் எடுக்கவில்லை, எனக்குக் காது போய்விட்டது, நான் விட்ட பிழைகளைத்தான் அவள் திருத்தி மூடினாள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

லுத்பியா நம்பவில்லை. சுதர்சினி வெளிநாடு போகிற கதை அவளுக்கும் எட்டியிருந்தது.

"அந்தப் புள்ளைக்கு இரக்கப்பட்டுப் பொய் செல்ல வாணாம் அண்ணன்," என்றாள். "இப்ப என்னோட நல்லாத்தானே கதைக்கிறீங்க. காது கேக்காத மனுசன் இப்பிடியா கதைப்பாரு?"

பாலகணேஷ் சிரித்தான். ஹியூபேட் மெஷினைக் கண்ணாடி மேசையில் வைத்துக் கசெட்டைச் செருகினார். எந்தப் பொத்தானை அமர்த்தினால் நேரே ஒன்பதாவது சோதனைக்குப் போகலாம் என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தார்.

"நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன். நீங்க சத்தத்தைப் போடுங்க. விரும்பின நேரம் நிப்பாட்டுங்க. நிண்ட உடன நான் கையைத் தூக்குவன்."

சுவரில் ஒரு ஃபார்மசியின் கலண்டர் தொங்கியது. ஹியூபேட் அதைப் பார்த்தபடி நின்றார். 'ஙீ' என்ற சத்தம் தெளிவாக வந்துகொண்டிருந்தது. எத்தனை கவனமாகக் கேட்டாலும் அதில் ஒரு அசைவும் இல்லை. கலண்டரில் நாளைய வெள்ளிக்கிழமையின் கட்டத்தைப் பார்த்தார். அடுத்த வெள்ளியைப் பார்த்தார். மாதத்தின் கடைசி வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து முடித்தார். சத்தம் நிற்கவில்லை. லுத்பியா வேண்டுமென்றே நீட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தார். தூக்குவதற்கு ஆயத்தமாக வைத்திருந்த கை தொடையோரத்தில் வலிக்கத் தொடங்கியது.

தோளில் ஒரு கை பட்டது. திரும்பினார். பாலகணேஷ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மெஷினின் திரை இருண்டு கிடந்தது. லுத்பியாவின் கண் கலங்கியிருந்தது. அவள் ஏதோ சொன்னாள். ஹியூபேட் வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.

"அண்ணன்," என்றாள் அவள் திரும்பவும், "எத்தன தரம் பின்னால நிண்டு கூப்பிட்டன். நான் இன்னும் அதப் போடவே இல்ல."

ஹியூபேட் தலையாட்டினார். கசெட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாட்சிக்கு இரண்டு பேரையும் கூட வரச் சொல்லிவிட்டு நடையில் இறங்கினார். இன்னும் நாலு கடைகள் இருந்தன.